35 மில்லி தாழ்த்திய ஸ்விஃப்டும் கொத்தனார் நூலும்

ஸ்பிரிங் மாற்றி காரைத் தாழ்த்துவது பெரிய வேலையே இல்லை. ஸ்பிரிங் கம்ப்ரஸர், நல்ல ஸ்பேனர் செட், கூடமாட ஒரு ஆள் இருந்தால் போதும். அதற்கப்புறம் நான்கு சக்கரங்களையும் நேராக நிற்க வைப்பதில்தான், அதாவது வீல் அலைன்மென்ட்டில்தான், சங்கதியே இருக்கிறது. இங்கே எழுதுவது அதைப் பற்றித்தான்.

வண்டி 2013 மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், ஊர் கோயம்புத்தூர். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குத் தண்டு), டயர் 185/65 ஆர்15. நான்கு பக்கமும் 35 மில்லி தாழ்த்துகிற ரெடிமேட் ஸ்பிரிங் போட்டேன். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 170 மில்லி. அதில் 35 போனால் மிச்சம் என்ன என்று நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படிக் கட்டியிருந்தால் என் வண்டி முனகாமல் ஏறி இறங்கும். தெருவுக்குத் தெரு ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற சிமென்ட் மேடுகளுக்கு எந்த அளவும் கிடையாது. 35 மில்லிக்கு மேல் நான் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துப் போடுவது, கேஸ் வெல்டிங் தீயில் காட்டி உட்கார வைப்பது என்று குறுக்கு வழிகள் உண்டு. தீயில் காட்டினால் எஃகின் பதம் போய்விடும், இன்று ஒரு உயரம் நாளை ஒரு உயரம் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். உயரமே நிலையாக இல்லாத வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது காசுக்குக் கேடு. சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கை வைக்கும் முன் இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தாழ்த்தினால் அலைன்மென்ட் ஏன் கெடுகிறது? சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு மூன்று பிடிகள்: மேலே ஸ்ட்ரட், கீழே லோயர் ஆர்ம், பக்கத்தில், ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டை ராட். வண்டியின் உடல் கீழே இறங்கினால் லோயர் ஆர்மும் டை ராடும் தத்தம் கீலில் மேல்நோக்கிச் சுழல்கின்றன. இரண்டின் நீளமும் ஒன்றல்ல, சுழலும் புள்ளியும் ஒன்றல்ல. ஆகவே இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் போகின்றன, நடுவில் மாட்டிக்கொண்ட நக்கிள் திரும்புகிறது. ஸ்விஃப்டில் டை ராடைத் தள்ளி இழுக்கும் ஸ்டியரிங் ராக், சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. டை ராட் நக்கிளின் பின்கையை உள்ளே இழுத்தால் சக்கரத்தின் மூக்கு வெளியே பார்க்கும். அதுதான் டோ-அவுட். மூக்கு உள்ளே பார்த்தால் டோ-இன். கூடவே லோயர் ஆர்ம் சாய்வு மாறுவதால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து நெகட்டிவ் கேம்பர் கூடும். இது ஓரளவுக்குத்தான் கூடும். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட்டின் சாய்வுக்குச் செங்குத்தாக வந்த பிறகு இன்னும் தாழ்த்தினால் கேம்பர் திரும்பிக் குறையத் தொடங்கும், டோ மட்டும் கெட்டுக்கொண்டே போகும். 35 மில்லியோடு நிறுத்திக்கொண்டதற்கு இரண்டாவது காரணம் இதுதான்.

பழைய ஸ்பிரிங் இருந்தபோதே எல்லா அளவையும் எடுத்து வைத்திருந்தேன். உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன். டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது. புது ஸ்பிரிங் போட்டு வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு, அது உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்ததில் முன்னால் 38 மில்லி, பின்னால் 32 மில்லி இறங்கியிருந்தது. மூக்கு 6 மில்லி அதிகமாகக் குனிந்திருக்கிறது. 2430 மில்லி வீல்பேஸுக்கு இது 8 நிமிடக் கோணம்தான். (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்.) காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு) அந்த 8 நிமிடம் குறையும், அவ்வளவே. இந்த வண்டியில் காஸ்டரை மாற்ற வழி கிடையாது, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

அளவு எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. தாழ்த்துகிறவர்களில் பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். லோயர் ஆர்ம் வண்டியின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் உள்குழல் போல்ட் இறுகியதும் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்ப வருகிறது. பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் தாழ்த்தினால், வண்டி சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரத்தையும் ஒரு பிடி தூக்கிப் பிடிக்கும். ஜாக்கியில் கால்கள் தொங்கும்போது இறுக்கினால் இன்னும் மோசம். எனவே நான்கு சக்கரங்களையும் தடித்த மரப்பலகைகள் மேல் ஏற்றி, வண்டி தன் எடையில் உட்கார்ந்திருக்கும்போதே கீழே படுத்து, முன்பக்க ஆர்ம் போல்ட்களையும் பின்பக்க பீம் புஷ் போல்ட்களையும் தளர்த்தினேன். முன் வலது போல்ட் தளர்ந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், ஆர்ம் லேசாக அசைந்து உட்கார்ந்தது. வண்டியை நாலு தடவை அமுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். அதற்குப் பிறகு முன் உயரம் 2 மில்லி குறைந்தது. மேலே சொன்ன 38 அதையும் சேர்த்துத்தான்.

இப்போது அளக்கத் தரை வேண்டும். வீட்டுப் போர்டிகோ கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும், மழைத் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். பக்கத்துக் காலிமனையில் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலும் நூலும் இரவல் கேட்டேன். "என்னங்க தம்பி, காருக்கு அஸ்திவாரம் போடறீங்களா?" என்று சிரித்துவிட்டு அவரே வந்து டியூபைப் பிடித்துக் கொடுத்தார். நான்கு சக்கரங்கள் நிற்கும் இடத்திலும் மட்டம் பார்த்ததில் முன்னுக்கும் பின்னுக்கும் 22 மில்லி வாட்டம், இடத்துக்கும் வலத்துக்கும் 6 மில்லி. தாழ்வான இடங்களில் ஒட்டு பலகையும் டைல்ஸ் துண்டும் அடுக்கி ஒரு மில்லிக்குள் கொண்டுவந்தோம். கேம்பர் பார்க்க இடவல மட்டம் முக்கியம். டோவுக்கு இது அவ்வளவு பாதகமில்லை.

முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு வழவழப்பான டைல்ஸ், முகத்தோடு முகம் பார்க்க வைத்து நடுவில் கிரீஸ் பூசிய பாலித்தீன் பை. டை ராடைத் திருகும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்காமல் இருக்க இது வேண்டும். கடைகளில் இதற்குச் சுழல் தட்டு வைத்திருப்பார்கள், நமக்கு டைல்ஸ் போதும். டயரில் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன காற்று. டிரைவர் சீட்டில் அரிசி மூட்டைகள் மூன்று, ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோவாகிவிட்ட அதே மூட்டைதான், மொத்தம் 78. என் எடைக்குக் கிட்டத்தட்டச் சரி. பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவன் காலி வண்டிக்கு அலைன்மென்ட் வைப்பதில் அர்த்தமில்லை.

நூல் கட்டுவது இப்படி. வண்டிக்கு முன்னால் ஒரு அலுமினியக் குழாய், பின்னால் ஒன்று, இரண்டும் வண்டியைவிட அகலம். இரண்டு குழாய்களிலும் ஒரே இடைவெளியில் பிளேடால் கீறி, அந்தக் கீறல்களில் வீல் நடு உயரத்துக்கு இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். கீறல் இடைவெளி ஒன்றே என்பதால் இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணை. அப்புறம் குழாய்களை இடமும் வலமும் நகர்த்தி, முன் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இரண்டு பக்கமும் சமமாக, பின் ஹப்பிலும் அதேபோல் சமமாக வரச் செய்ய வேண்டும். முன் ஜோடியும் பின் ஜோடியும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டியதில்லை, இடவலச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் (டிராக்) முன்னும் பின்னும் வேறு வேறு. இப்போது இரண்டு நூலும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணை. செட்டிப்பாளையத்தில் 2003 முதல் ஓடும் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ரேஸ் தடங்களில் வண்டிகளைத் தயார் செய்யும் பேடாக்குகளில் நூல் கட்டி அளக்கும் இந்த வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் தப்புச் சொல்லலாம், இழுத்துக் கட்டிய நூல் சொல்லாது. நூலில் கை படாமல் இருந்தால் சரி.

ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கும் பின் விளிம்பிலிருந்து நூலுக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். முன் தூரம் குறைவாக இருந்தால் டோ-அவுட். ரிம் லேசாக நெளிந்திருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் ஒருமுறை அளந்து, வண்டியைச் சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி தள்ளி, மறுபடி அளந்து சராசரி எடுத்தேன். அலைன்மென்ட் கடையில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டச் சொல்வதும் இதற்குத்தான். கேம்பருக்கு ஒரு அலுமினியப் பட்டியை ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் படும்படி நிமிர்த்தி வைத்து, அதன் மேல் டிஜிட்டல் கோணமானி. அது இல்லாவிட்டால் தூக்குக்குண்டு போதும். என் ரிம் விளிம்புக்கு விளிம்பு 405 மில்லி. தூக்குக்குண்டின் நூலுக்கும் ரிம்முக்கும் மேலே கீழே 7 மில்லி வித்தியாசம் வந்தால் ஒரு டிகிரி.

கிடைத்த அளவுகள்: தாழ்த்தும் முன் கேம்பர் இடது மைனஸ் 15 நிமிடம், வலது மைனஸ் 25. டோ கிட்டத்தட்ட பூஜ்யம். தாழ்த்திய பின் இடது மைனஸ் 55 நிமிடம், வலது மைனஸ் 1 டிகிரி 20 நிமிடம். டோ மொத்தமாக 4 மில்லி அவுட், பக்கத்துக்கு 2.

வழக்கமாக எல்லோரும் பயப்படுவது கேம்பரைப் பார்த்து. சக்கரம் உள்ளே சாய்ந்து தெரிவதால் 'டயர் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் டோ: 405 மில்லியில் 2 மில்லி என்றால் கால் டிகிரிக்குச் சற்று மேல். அந்தச் சக்கரம் போக நினைக்கும் திசை வேறு, வண்டி போகும் திசை வேறு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. இங்கிருந்து சேலம் போய்ச் சேருவதற்குள் முக்கால் கிலோமீட்டருக்கும் மேல். ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? ஒரு டிகிரி கேம்பரோ டயரின் உள்பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகச் சுமை கொடுக்கும், அவ்வளவுதான். உள்விளிம்பு மழுங்கிய டயரைக் காட்டி 'கேம்பர் தின்னுடுச்சு' என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் கேம்பரோடு சேர்ந்த டோ-அவுட்தான் தின்றிருக்கும். கையாலேயே பார்க்கலாம்: டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவும்போது அரம் போல் உரசி, உள்ளேயிருந்து வெளியே தடவும்போது வழுக்கிக்கொண்டு போனால் அது டோ-அவுட். தாழ்த்திய பின் கொஞ்சம் ஓடியதிலேயே என் டயரில் அந்த உரசல் லேசாகத் தட்டுப்படத் தொடங்கியிருந்தது.

ஆனால் கேம்பரில் இரண்டு பக்கமும் 25 நிமிட வித்தியாசம் இருப்பதை அப்படியே விட முடியாது. தலை நிமிர்ந்திருக்கும் பக்கத்துக்கு வண்டி இழுக்கும். இங்கே அது இடது. நம் சாலைகளும் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வண்டி சும்மா இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

இதைப் பற்றி ஒரு அலைன்மென்ட் கடையில் கேட்டபோது, "கேம்பருக்கு இந்த வண்டில அட்ஜஸ்ட்மென்ட்டே கெடையாதுங்க. டோ மட்டும் வெச்சுத் தர்றனுங்க" என்றார்கள். திருகுவதற்கென்று ஒரு இடம் கொடுக்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்களின் ஓட்டையில் போல்ட்டைவிடக் கொஞ்சம் இடம் உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும்போது அந்த இடத்துக்குள் நக்கிள் எந்தப் பக்கம் ஒதுங்கி இறுகியதோ அதுவே கேம்பர். வலது சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, இரண்டு நட்டையும் தளர்த்தினேன். நண்பர் நக்கிளின் தலையை இரண்டு கையாலும் வெளியே இழுத்துப் பிடிக்க, அப்படியே நான் இறுக்கினேன். வண்டியை இறக்கி அளந்தால் மைனஸ் 50 நிமிடம். அந்தச் சின்ன இடைவெளியிலிருந்து அரை டிகிரி கிடைத்தது. இடதைவிட வலது 5 நிமிடம் நிமிர்ந்திருப்பது சாலைச் சரிவுக்கு எதிர் ஈடு. இந்த இடைவெளி போதாதவர்களுக்கு கேம்பர் போல்ட் கிடைக்கிறது: மேல் போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் மையம் விலகிய தடிப்பு உள்ள ஒன்று, திருப்பத் திருப்ப நக்கிள் நகரும். நக்கிள் ஓட்டையை அரத்தால் நீட்டுகிறவர்களும் உண்டு. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்தில் அரம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேம்பரில் கை வைத்தால் டோ மாறும். வலது சக்கரத்தின் தலையை வெளியே தள்ளியதும் அந்தப் பக்க டோ-அவுட் 2 மில்லியிலிருந்து 3 ஆகிவிட்டது. அதனால்தான் எப்போதும் டோவைக் கடைசியில் வைக்கச் சொல்வது.

டோவுக்குப் போகும் முன் ஸ்டியரிங்கை நேராக்கிப் பூட்ட வேண்டும். சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் பெல்ட்டால் இழுத்துக் கட்டினேன். ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நாடா போல் சுற்றிய ஒயர் இருக்கிறது, அதோடு விளையாடக் கூடாது. ஸ்டியரிங்கின் கோணலையும் டை ராடில்தான் சரி செய்ய வேண்டும்.

டை ராட் புரியில் துரு பிடித்திருந்தது. முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். லாக் நட்டுக்கும் ராடுக்கும் நகப்பாலீஷால் ஒரே கோடு இழுத்துக்கொண்டால் எவ்வளவு சுற்றினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறையின் வெளிக் கிளிப்பைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ராடோடு ரப்பரும் முறுக்கிக்கொண்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மண் உள்ளே போய் ராக்கே போய்விடும். என் வண்டியில் ராடை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரிம்மில் 4 மில்லி மாறுகிறது. ராக் பின்னால் இருப்பதால் ராடை நீட்டினால் டோ-இன். இடது அரைச் சுற்று, வலது முக்கால் சுற்று. லாக் நட்டை இறுக்கும்போது ராட் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு ஸ்பேனரால் ராடைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு வண்டியைக் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி அளந்தேன், வலது கால் மில்லி இன், இடது பூஜ்யம். அதோடு விட்டுவிட்டேன். முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி ஓடும்போது சக்கரங்கள் தாமாகவே கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். நின்ற வண்டியில் நிறைய டோ-இன் வைப்பதில் லாபமில்லை.

பின்பக்கம் எதுவும் செய்யவில்லை. டார்ஷன் பீமில் திருக ஒன்றுமே இல்லை. பீம் கீலில் சுழன்றதால் ஏற்கெனவே இருந்த கேம்பரில் ஒரு துளி டோவாக மாறியிருக்கும், ஐந்து நிமிடம்போல. நூலில் அது அரை மில்லிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பீம் நேராக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். பின் சக்கரம் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் வண்டி நண்டு நடையில் போகும், முன்னால் எவ்வளவு செய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது. தேவைப்பட்டால் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு (ஷிம்) வைக்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை.

நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை போகும் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். 80இல் ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்தால் நேராகப் போகிறது, மட்டமான இடத்தில் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அப்புறம் வேறொரு கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டில் பார்க்கச் சொல்லி, எதையும் திருக வேண்டாம், அளவு மட்டும் அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். டோ மொத்தம் 3 நிமிடம் இன், என் நூலோடு ஒத்துப்போனது. கேம்பரில் இரண்டு பக்கமும் என் அளவுக்கும் அவர்கள் அளவுக்கும் 5 நிமிடத்துக்குள். கேம்பர் கட்டம் மட்டும் சிவப்பில் இருந்தது, அது கம்பெனி உயரத்துக்கான வரம்பு. அந்தச் சிவப்பைப் பச்சையாக்கச் சொல்லி யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், இடவல வித்தியாசத்தைப் பாருங்கள்.

சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. டை ராடும் லோயர் ஆர்மும் புது உயரத்தில் இணையாக இல்லை. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டோ மாறி ஸ்டியரிங் கையில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுகிறது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் முன்னைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. டோ எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் இது போகாது, ராக்கின் உயரத்தையோ டை ராட் எண்டின் உயரத்தையோ மாற்றினால்தான் போகும். தெருவில் ஓடும் வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

மூக்கு குனிந்ததில் ஹெட்லைட் வெளிச்சமும் கிட்டே விழ ஆரம்பித்தது. சுவரில் பழைய கோட்டைக் குறித்து வைத்திருந்ததால் அதைத் திருகி ஏற்றுவது எளிதாக முடிந்தது. டயரில் கை வைத்தால் உரசல் இப்போது மங்கிவருகிறது. அடுத்த முறை டயர் மாற்றிப் போடும்போது உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் ஆழம் அளந்து எழுதி வைப்பேன். மூன்றிலும் வித்தியாசம் ஒரு மில்லிக்குள் நின்றால் இந்த கேம்பரையே வைத்துக்கொள்வேன், தாண்டினால் இடது பக்க நட்டையும் தளர்த்த வேண்டியதுதான்.